ஸ்டீயரிங்குக்கு முன்னால் பிரேக்: சிமுலேட்டர் அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரேஸிங் சிமுலேட்டருக்குப் புதிதாக வருகிறவர்கள் கையிலிருக்கும் காசையெல்லாம் ஸ்டீயரிங்கில் கொட்டிவிடுகிறார்கள். பெடலுக்கு மிச்சம் மீதிதான். மற்ற பல தவறுகள் இங்கிருந்துதான் கிளைக்கின்றன. ஒரு லேப்பில் நேரம் கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் பிரேக்கை எப்படி மிதிக்கிறோம், எப்படி விடுகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

சாதாரணப் பெடலில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர், பெடல் எவ்வளவு தூரம் இறங்கியது என்று அளக்கும். லோட் செல் பெடல், நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்று அளக்கும். நிஜக் காரின் பிரேக்கும் அழுத்தத்துக்கே கட்டுப்படுகிறது. கால் எங்கே நின்றது என்பதைவிட, எவ்வளவு பலம் கொடுத்தோம் என்பது தசைக்கு நன்றாக நினைவிருக்கும். அதனால்தான் லோட் செல்லுக்கு மாறியவர்களுக்கு ஒரே இடத்தில் ஒரே அளவு பிரேக் பிடிப்பது சில நாட்களில் கைவந்துவிடுகிறது.

ஆனால் அந்தப் பெடலைத் தரையில் சும்மா வைத்துவிட்டு, சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தால் பயனில்லை. ஓங்கி மிதித்ததும் நாற்காலி பின்னால் உருளும், பெடல் முன்னால் நகரும். கொடுத்த பலத்தில் பாதி அங்கேயே போய்விடும். புதுக் கருவி வாங்குவதற்கு முன் நாற்காலிச் சக்கரத்தைப் பூட்டுங்கள், பெடலைச் சுவரோடு முட்டுக்கொடுத்து வையுங்கள். முடிந்தால் இருக்கை, பெடல், ஸ்டீயரிங் மூன்றையும் ஒரே சட்டத்தில் இறுக்குங்கள். நான் ஒரு பொருளை மட்டும் சிபாரிசு செய்ய வேண்டுமென்றால் ஆடாத சட்டத்தைத்தான் சொல்வேன்.

அப்புறம் ஃபோர்ஸ் ஃபீட்பேக், அதாவது காரின் அசைவைக் கைக்கு உணர்த்த ஸ்டீயரிங்கை மோட்டார் திருப்பும் விசை. 'அதிகம் வைத்தால் அதிகம் தெரியும்' என்று எல்லோரும் நினைக்கிறோம். பல்சக்கரத்தில் ஓடும் சிறிய வீல்கள் சுமார் 2 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைதான் தரும். கேமில் பலத்தை 100 சதவீதத்துக்கு ஏற்றிவிட்டால், வேகமான வளைவில் கேம் கேட்கும் விசை மோட்டாரின் எல்லையைத் தாண்டிவிடும். அதற்கு மேல் எது நடந்தாலும் கைக்கு ஒரே கனம்தான். டயர் பிடி விடுவது தெரியவே தெரியாது. இதைத்தான் கிளிப்பிங் என்கிறோம். பல கேம்களில் இதைக் காட்டும் அளவுகோல் உண்டு. அது உச்சியில் முட்டி நிற்காமல், எப்போதாவது மட்டும் தொடும் அளவுக்கு கேமில் பலத்தைக் குறையுங்கள். மோட்டாரோடு நேரடியாக இணைந்த டைரக்ட் டிரைவ் வீல் வைத்திருப்பவர்களுக்கு வேறு எச்சரிக்கை: கட்டைவிரலைக் கம்பிக்குள் மடித்துப் பிடிக்காதீர்கள், மோதப்போகிறது என்று தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். 15, 20 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை விரலை நிஜமாகவே காயப்படுத்தும்.

பைசா செலவில்லாமல் சரிசெய்யக்கூடியது, கேம் எவ்வளவு அகலமான காட்சியைக் காட்டுகிறது என்னும் பார்வைக் கோணம் (FOV). ஆனால் அதிகம் பேர் கோட்டைவிடுவதும் இதில்தான். நிறைய தெரிய வேண்டும் என்று கோணத்தை அகலமாக்கினால் வளைவு இருப்பதைவிடத் தொலைவில் தெரியும், வேகமும் கூடுதலாகத் தோன்றும். பிரேக் புள்ளி பிசகும். கணக்கு எளிது: திரையின் பாதி அகலத்தைக் கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தால் வகுத்து, வரும் எண்ணை டேன்ஜென்டாகக் கொண்ட கோணத்தை (கால்குலேட்டரில் tan⁻¹) இரட்டிப்பாக்குங்கள். 27 அங்குல மானிட்டரின் அகலம் ஏறக்குறைய 60 செ.மீ. நீங்களும் 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் வருவது 53 டிகிரி. முதலில் குறுகலாகத்தான் தெரியும். ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள். சில கேம்கள் செங்குத்துக் கோணத்தைக் கேட்கும் என்பதையும் கவனியுங்கள். அதற்கு அகலத்துக்குப் பதிலாகத் திரையின் உயரத்தை வைத்துக் கணக்கிட வேண்டும்.

சிமுலேட்டரில் விமானம் ஓட்டுகிறவர்கள் பழக்கதோஷத்தில் ஜாய்ஸ்டிக்குக்குப் பெரிய டெட் ஸோன் (நடுவில் அசைத்தாலும் கேம் கண்டுகொள்ளாத பகுதி) வைக்கிறார்கள். தேய்ந்த பழைய சென்சாருக்கு அது சரி. காந்தத்தால் இயங்கும் ஹால் சென்சாரில் உரசும் பாகமே இல்லை. அதிலும் அப்படி வைத்தால், தரையிறங்கும்போது தேவைப்படும் நுண்ணிய அசைவுகளை நாமே வெட்டி எறிகிறோம்.

பவர் அடாப்டர் இல்லாத ஒரே யுஎஸ்பி ஹப்பில் எல்லாவற்றையும் செருகாதீர்கள். மின்சாரம் போதாமல், பந்தயத்தின் நடுவில் பெடலுக்கு மட்டும் இணைப்பு அறுந்துபோகும்.

விஆர் ஹெட்செட்டில் லென்ஸ்களின் இடைவெளியை உங்கள் கண்மணிகளுக்கு இடையிலான தூரத்துக்கு ஏற்ப முதலில் சரிசெய்யுங்கள். அந்தத் தூரம் பெரியவர்களுக்குச் சராசரியாக 63 மி.மீ., ஆனால் ஆளுக்கு ஆள் மாறும். தலை லேசாகச் சுற்றினாலோ, வியர்த்தாலோ உடனே கழற்றிவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் பழகிவிடும் என்பது தவறு. மூளை அந்தக் குமட்டலை ஹெட்செட்டோடு முடிச்சுப்போட்டுவிட்டால், அடுத்த முறை இன்னும் சீக்கிரமாக வரும். முதல் நாள் 10 நிமிடம், மெதுவான கார், அடிவானம் ஆடாத கேமரா அமைப்பு. அது ஒத்துக்கொண்ட பிறகு நேரத்தைக் கூட்டலாம்.