வீட்டு சிஎன்சி மெஷின் மக்கர் செய்தால் எங்கிருந்து தேடுவது?

"அண்ணா, எக்ஸ் மோட்டார் நடுங்குது, கர்ருனு சத்தம் வருது, ஆனா சுத்த மாட்டேங்குது. ஃபர்ம்வேரை மூணு தடவை ஏத்திட்டேன்." போன மாதம் எங்கள் தெருவில் இருக்கும் கல்லூரி மாணவன் ஒருவன் இப்படிச் சொல்லிக்கொண்டு வந்தான். இரண்டு நாள் சாயங்காலத்தை மென்பொருளிலேயே கழித்திருந்தான். கோளாறு இருந்ததோ மோட்டாரின் நான்கு ஒயர்களில். நடுவில் இருந்த இரண்டையும் இடம் மாற்றிச் செருகியதும் மோட்டார் வழவழவென்று சுற்றியது.

வீட்டில் சிஎன்சி (கணினி சொல்கிறபடி மரத்தை வெட்டிச் செதுக்கும் மெஷின்) கட்டுகிறவர்களின் நேரம் பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. பழுது ஓர் இடத்தில், தேடல் வேறோர் இடத்தில். அதனால் எந்த வரிசையில் தேடுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எடுத்துக்கொள்ளும் மெஷின், பலரும் முதலில் கட்டுவதுதான். ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டு போர்டு, அதன் மேல் செருகும் சிஎன்சி ஷீல்டு மூன்றாம் பதிப்பு, அதில் மோட்டார்களுக்குக் கரண்ட் கொடுக்கும் ஏ4988 டிரைவர்கள், ஊனோவுக்குள் ஃபர்ம்வேராக (போர்டில் ஓடும் மென்பொருள்) ஜிஆர்பிஎல் 1.1, கணினியிலிருந்து அதற்குக் கட்டளை அனுப்பும் யுனிவர்சல் ஜிகோட் சென்டர். ஜிஆர்பிஎல்லை 2009-இல் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் தொடங்கினார்; பின்னர் சுங்யூன் ஜியோன் அதை வளர்த்தெடுத்தார். திறந்த மூலம் என்பதால் மெஷின் காட்டும் ஒவ்வொரு அலாரம் எண்ணுக்கும் என்ன பொருள் என்று வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஊகிக்க வேண்டியதில்லை, படித்தால் போதும்.

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். சென்டரின் கன்சோலில் (கட்டளை அடிக்கும் பெட்டி) ஆங்கில எழுத்தாக அடித்துக்கொள்ளுங்கள். $ குறியோடு எண் வந்தால் அது ஜிஆர்பிஎல்லின் ஓர் அமைப்பு.

தொடங்கும் முன்

வெட்டும் மோட்டாரான ஸ்பிண்டிலில் இருந்து பிட்டைக் (வெட்டும் முனை) கழற்றி வையுங்கள். பவர் ஸ்விட்ச் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். இன்னொன்றை மட்டும் மறக்கவே கூடாது: பவர் ஓடும்போது மோட்டார் ஒயரைப் பிடுங்கவோ செருகவோ வேண்டாம். அந்த ஒரு நொடியில் டிரைவர் எரிந்துவிடும்.

படி 1: கணினி பேசுகிறதா?

போர்ட்டைத் தேர்ந்தெடுத்து, வேகம் 115200 என்று வைத்து இணையுங்கள். ஜிஆர்பிஎல் தன் பெயரையும் பதிப்பு எண்ணையும் ஒரு வரியில் சொல்ல வேண்டும். அந்த வரி வந்துவிட்டால் கணினி, கேபிள், போர்டு மூன்றும் சரி. நேராக அடுத்த படிக்குப் போகலாம்.

வரவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள். போன் சார்ஜருடன் வந்த சில கேபிள்களில் டேட்டா ஒயரே இருக்காது. அப்புறம், வேறு ஏதாவது நிரல் அதே போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஆர்டுயினோ ஐடிஇ-யின் சீரியல் மானிட்டர் திறந்தே கிடப்பது வழக்கம். விலை குறைந்த ஊனோக்களில் சிஎச்340 என்ற சிப் இருக்கும். விண்டோஸில் அதற்குத் தனி டிரைவர் மென்பொருள் போட வேண்டி வரலாம். லினக்ஸில் உங்கள் பயனர் பெயர் 'டயல்அவுட்' குழுவில் சேர்ந்திருக்க வேண்டும். சேர்த்த பிறகு ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்ளே வாருங்கள். உபுண்டு 22.04-இல் பிரெய்ல் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற தொகுப்பு இந்த சிஎச்340-ஐத் தன்னுடையது என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும், போர்ட் தோன்றி உடனே மறைந்துவிடும். வீட்டில் பிரெய்ல் கருவி பயன்படுத்துபவர் யாரும் இல்லையென்றால் அதை நீக்கிவிடலாம்.

படி 2: மெஷின் என்ன சொல்கிறது?

இணைந்ததும் 'அலாரம்' என்று காட்டி எந்தக் கட்டளைக்கும் 'எர்ரர் 9' என்று பதில் வந்தால் பயப்பட வேண்டாம். ஹோமிங் வசதியை (மெஷின் ஓரத்து ஸ்விட்சைத் தொட்டுத் தன் தொடக்க இடத்தைக் கண்டுபிடிப்பது) இயக்கி வைத்திருந்தால் ($22=1) ஒவ்வொரு முறை பவர் போட்டதும் அது பூட்டிக்கொள்ளும். ஹோமிங் செய்ய $எச், பூட்டை மட்டும் திறக்க $எக்ஸ்.

மெஷின் ஓடும்போது 'அலாரம் 1' வந்தால், அச்சின் ஓரத்தில் இருக்கும் லிமிட் ஸ்விட்ச் அழுந்தியதாக அது நினைக்கிறது. 'அலாரம் 2' என்றால் $130 முதல் $132 வரை நீங்கள் கொடுத்த எல்லையை நிரல் தாண்டப் பார்க்கிறது. 'அலாரம் 9' என்றால் ஹோமிங் போன மெஷினுக்கு ஸ்விட்ச் கிடைக்கவே இல்லை.

ஸ்விட்ச் சார்ந்த எல்லாச் சந்தேகத்துக்கும் ஒரே சோதனை போதும். கேள்விக்குறியை (?) மட்டும் அனுப்புங்கள். பதில் வரியில் 'பிஎன்' என்ற இடத்தில் அழுந்தியிருக்கும் ஸ்விட்சின் எழுத்து தெரியும். சென்டரின் நிலைப் பலகத்திலும் பார்க்கலாம். ஒவ்வொரு ஸ்விட்சையும் விரலால் அழுத்தி, சரியான எழுத்து வந்து போகிறதா என்று பாருங்கள். எதையும் தொடாமலேயே மூன்று எழுத்தும் தெரிந்தால் ஸ்விட்ச் வகை மாறியிருக்கிறது. $5-இன் மதிப்பை 0-இலிருந்து 1-க்கோ 1-இலிருந்து 0-க்கோ மாற்றுங்கள்.

இசட் (மேலும் கீழும் நகரும் அச்சு) ஸ்விட்சை மட்டும் அழுத்தினால் எதுவும் வரவில்லையா? இது ஷீல்டின் பழைய கதை. ஜிஆர்பிஎல் 0.9-இலிருந்து ஸ்பிண்டில் வேகத்தை மாற்ற 11-ஆம் பின் தேவைப்பட்டது. அதனால் இசட் லிமிட் 12-ஆம் பின்னுக்குப் போனது. ஷீல்டில் அச்சிட்ட எழுத்தோ பழைய இடத்தையே காட்டுகிறது. 'ஸ்பிண்டில் எனேபிள்' என்று போட்டிருக்கும் பின்னில் இசட் ஸ்விட்சைச் செருகுங்கள், வேலை செய்யும்.

படி 3: மோட்டார் சுற்றவில்லை, நடுங்குகிறது

திரையில் எண் ஓடுகிறது, மோட்டார் அசையவில்லை, கையால் திருப்பினால் எளிதாகத் திரும்புகிறது. அப்படியானால் மோட்டாருக்கு மின்சாரமே போகவில்லை. யுஎஸ்பி கொடுப்பது ஊனோவுக்கு மட்டும்தான். மோட்டாருக்கு ஷீல்டின் ஸ்க்ரூ டெர்மினலில் தனியாக 12 வோல்ட் முதல், ஏ4988-இன் வரம்பான 35 வோல்ட்டுக்குள் கொடுக்க வேண்டும். மல்டிமீட்டரை டெர்மினலிலேயே வைத்துப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்-இல் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி) விளக்கு எரிவதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

நடுங்கினால் காயில் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) ஜோடி மாறியிருக்கிறது. மோட்டாரைக் கழற்றி, ஏதாவது இரண்டு ஒயரின் நுனிகளை ஒன்றோடொன்று தொடவிட்டு தண்டைத் திருப்புங்கள். சட்டென்று இறுக்கம் தெரிந்தால் அவை இரண்டும் ஒரு காயில். மீதி இரண்டும் அடுத்த காயில். ஒரு ஜோடி ஒரு பக்கமும் மறு ஜோடி மறு பக்கமும் வருமாறு செருக வேண்டும். ஒயரின் நிறத்தை நம்ப வேண்டாம், ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு மாதிரி வைக்கிறார்கள்.

ஜோடி சரியாக இருந்தும் ஓர் அச்சு மட்டும் தகராறு செய்தால், பவரை அணைத்துவிட்டு எக்ஸ் டிரைவரையும் ஒய் டிரைவரையும் இடம் மாற்றுங்கள். கோளாறு டிரைவரோடு கூடவே போனால் டிரைவர் போய்விட்டது. அதே இடத்தில் நின்றால் ஒயர் அல்லது மோட்டார். இந்த ஒரு வழியை எனக்கு ஆரம்பத்திலேயே யாராவது சொல்லியிருந்தால் நிறைய நாட்கள் மிஞ்சியிருக்கும். டிரைவரைச் செருகும்போது அதிலுள்ள 'எனேபிள்' பின்னும் ஷீல்டிலுள்ள 'எனேபிள்' எழுத்தும் ஒரே மூலையில் இருக்கின்றனவா என்று இரண்டு முறை பாருங்கள். டிரைவரில் கரண்ட் அளவை மாற்றும் குட்டித் திருகு எந்தப் பக்கம் என்பதை அடையாளமாக வைக்காதீர்கள். ஏ4988-இல் அது ஒரு பக்கம், டிஆர்வி8825 என்ற இன்னொரு வகை டிரைவரில் எதிர்ப் பக்கம்.

அடுத்தது கரண்ட் அளவு. ஏ4988-இல் தேவையான ஆம்பியரை 8-ஆலும் டிரைவர் மேலுள்ள சென்ஸ் ரெசிஸ்டரின் ஓம் மதிப்பாலும் பெருக்கினால் வைக்க வேண்டிய வோல்ட் கிடைக்கும். ரெசிஸ்டரில் 100 என்று இருந்தால் 0.1 ஓம், 050 என்றால் 0.05. உங்கள் மோட்டார் 1.3 ஆம்பியர் தாங்கும் என்றால் 0.9-இல் தொடங்குங்கள்: 0.9 × 8 × 0.1 = 0.72 வோல்ட். மீட்டரின் கருப்பு முனை கிரவுண்டில், சிவப்பு முனை குட்டித் திருகின் தலையில். திருகைக் கால் சுற்றுகூட வேண்டாம், கொஞ்சமாகத் தள்ளிப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவர் நழுவிப் பக்கத்துப் பின்னைத் தொட்டால் டிரைவர் போய்விடும் என்பதால், ஒவ்வொரு முறையும் பவரை அணைத்துத் திருப்பிவிட்டு, மீண்டும் போட்டு அளப்பேன். ஒரு ஆம்பியர் பக்கம் போனால் ஹீட் சிங்கும் காற்றும் வேண்டும். இல்லாவிட்டால் டிரைவர் சூடாகித் தன்னையே நிறுத்தி நிறுத்தி ஓடும்.

படி 4: தவறான தூரம் போகிறது

100 மி.மீ. நகரச் சொல்லி ஸ்கேலால் அளந்து பாருங்கள். சரியாகப் பாதியோ இரட்டிப்போ நகர்ந்தால், டிரைவருக்கு அடியிலுள்ள ஜம்பர்களும் (இரண்டு பின்னை இணைக்கும் குட்டி மூடிகள்) $100 எண்ணும் (ஒரு மி.மீ.-க்கு எத்தனை ஸ்டெப்) ஒத்துப்போகவில்லை. மூன்று ஜம்பரும் போட்டிருந்தால் ஏ4988 ஒரு ஸ்டெப்பை (மோட்டார் ஒரு முறை திரும்பும் சிறு அளவு) 16-ஆகப் பிரிக்கும், டிஆர்வி8825 32-ஆகப் பிரிக்கும். கணக்கு எளிது. மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், 16-ஆல் பெருக்கினால் 3200. ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகர்த்தினால் 3200 ÷ 8 = 400. 4 மி.மீ. என்றால் 800. ஜிடி2 பெல்ட்டும் 20 பல் புல்லியும் என்றால் 3200 ÷ 40 = 80. எக்ஸ், ஒய், இசட் மூன்றுக்கும் முறையே $100, $101, $102. நகரும் திசை தலைகீழ் என்றால் $3-ஐ மாற்றுங்கள்: எக்ஸுக்கு 1, ஒய்க்கு 2, இசட்டுக்கு 4, இரண்டு அச்சு என்றால் கூட்டிக்கொள்ளலாம்.

வித்தியாசம் பாதியும் இல்லை, இரட்டிப்பும் இல்லை, ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வருகிறது என்றால் $100-ஐத் தொடவே வேண்டாம். எண் தவறு என்றால் தவறு எப்போதும் ஒரே விகிதத்தில் வரும்.

படி 5: போகப் போக விலகுகிறது

வீட்டு வாசலுக்கு அம்மா பெயரைத் தேக்குப் பலகையில் செதுக்கினேன். முதல் எழுத்து 1 மி.மீ. ஆழம். கடைசி எழுத்துக்கு வரும்போது இரண்டரை மி.மீ. இறங்கியிருந்தது. $102-ஐ நான்கு முறை மாற்றினேன், நான்கு பலகை போனது. கடைசியில் ஒரு மார்க்கர் பேனாவை எடுத்து, இசட் மோட்டாரின் தண்டிலிருந்து கப்ளிங் (தண்டையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் துண்டு) வழியாக, அச்சை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ வரைக்கும் ஒரே நேர்கோடு போட்டு, அதே நிரலை மறுபடி ஓட்டினேன். முடிந்ததும் பார்த்தால் தண்டிலிருந்த கோட்டுக்கும் கப்ளிங்கிலிருந்த கோட்டுக்கும் நடுவில் ஒரு அரிசி அளவு இடைவெளி. கப்ளிங்கின் சின்ன ஸ்க்ரூ இறுகாமல், ஒவ்வொரு முறை பிட் மரத்தைக் கடிக்கும்போதும் தண்டு உள்ளே வழுக்கியிருக்கிறது. தண்டில் அரத்தால் சின்னதாக ஒரு தட்டை முகம் தேய்த்து, ஸ்க்ரூ அந்த முகத்தில் உட்காருமாறு அல்லன் கீயால் இறுக்கினேன். இன்றுவரை அசையவில்லை.

இந்தக் கோடு போடும் சோதனையை எல்லா அச்சிலும் செய்யுங்கள். கோடு பிரிந்தால் வழுக்கல். கோடு பிரியாமல் இடம் மட்டும் தவறினால் மோட்டார் ஸ்டெப்பைத் தவறவிடுகிறது. அதற்கு $120 முதல் $122 வரை உள்ள முடுக்கத்தைப் பாதியாக்கி ஓட்டிப் பாருங்கள். சரியாகிவிட்டால் மோட்டாரின் பலத்துக்கு மீறி வேலை வாங்கியிருக்கிறீர்கள். கரண்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள், அல்லது வேகத்தை ($110 முதல் $112) இறக்குங்கள். எந்த அச்சையாவது பவர் இல்லாமல் கையால் திருப்பும்போது ஓரிடத்தில் இறுகினால், முதலில் அந்த இறுக்கத்தைச் சரிசெய்யுங்கள்.

திசை மாறும்போது மட்டும் தவறு வந்தால் அது பேக்லாஷ், நட்டுக்கும் ஸ்க்ரூவுக்கும் இடையிலுள்ள ஆட்டம். வட்டம் வெட்டினால் நான்கு திசையிலும் சின்னத் தட்டை தெரியும். ஜிஆர்பிஎல்லில் பேக்லாஷை ஈடுகட்டும் அமைப்பு இல்லை; ஸ்பிரிங் வைத்த நட்டுதான் வழி.

ஓட்டம் நின்றதும் இசட் தானாகக் கீழே இறங்கினால் $1=255 கொடுங்கள். மோட்டார் எப்போதும் பிடித்தபடி நிற்கும். தொட்டால் சூடாக இருக்கும், அது இயல்பு.

படி 6: ஸ்பிண்டில் போட்டதும் நின்றுவிடுகிறது

அதே நிரலை ஸ்பிண்டிலை அணைத்து ஒருமுறை, போட்டு ஒருமுறை ஓட்டுங்கள். அணைத்தால் ஓடி, போட்டால் இணைப்பு அறுந்தாலோ காரணமில்லாமல் 'அலாரம் 1' வந்தாலோ, அது ஸ்பிண்டில் மோட்டாரின் மின் இரைச்சல். லிமிட் ஸ்விட்ச் ஒயரை ஸ்பிண்டில் ஒயரோடு சேர்த்துக் கட்டியிருந்தால் பிரித்துவிடுங்கள். இரண்டும் குறுக்கே போக வேண்டுமென்றால் சிலுவை போல் கடக்கட்டும். போர்டு பக்கம், லிமிட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று போடுங்கள். ஸ்விட்சை 'நார்மலி குளோஸ்டு' (அழுத்தாதபோது இணைந்திருக்கும்) பக்கம் இணைத்து $5=1 வைப்பது இன்னும் நல்லது; ஒயர் அறுந்தால்கூட உடனே அலாரம் சொல்லிவிடும்.

நம் வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருந்தும் எர்த் வேலை செய்யாத இடங்கள் நிறைய. எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் தொட்டால் லேசாக 'சுர்' என்றால் அதுதான் காரணம். எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த்தைச் சரிசெய்த பிறகே மெஷினை ஓட்டுங்கள். இதில் விளையாட வேண்டாம்.

லினக்ஸ்சிஎன்சி வைத்திருப்பவர்களுக்கு

லினக்ஸ்சிஎன்சி என்பது ஜிஆர்பிஎல்லுக்குப் பதிலாகக் கணினியிலேயே ஓடி மெஷினை நடத்தும் மென்பொருள். மெஷின் பக்கம் எல்லாம் இதேதான். கூடுதலாக ஒன்று: பேரலல் போர்ட் வழியாக ஓட்டுகிறீர்கள் என்றால், கணினியே ஸ்டெப் தாளத்தைக் கொடுக்கிறது. அதனுடன் வரும் லேட்டன்சி (தாமதம்) சோதனையை ஓடவிட்டு, ஜன்னல்களை இழுத்து, வீடியோ போட்டுக் கணினியை நன்றாக வேலை வாங்குங்கள். அதிகபட்ச ஜிட்டர் (தாளம் முன்பின் தவறும் அளவு) 20 மைக்ரோ செகண்டுக்குள் இருந்தால் நல்லது. 100-ஐத் தாண்டினால் அந்தக் கணினி இந்த வேலைக்கு ஆகாது, எவ்வளவு எண் மாற்றினாலும் மோட்டார் தடுமாறும்.

சரியானதா என்று பார்க்க

மேசையில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பிட் இருக்கும் இடத்தில் ஒரு பால்பாயிண்ட் ரீஃபிலைப் பிடித்து ஒரு புள்ளி வையுங்கள். அங்கிருந்து ரீஃபிலைத் தூக்கி, பத்து நிமிடம் எல்லாத் திசையிலும் வேகமாக ஓடும் நிரல் ஒன்றைக் கொடுத்து, கடைசியில் தொடங்கிய இடத்துக்கே வந்து இறங்கச் சொல்லுங்கள். இரண்டாவது புள்ளி முதல் புள்ளியின் மேலேயே விழ வேண்டும். விழுந்தால் $$ கட்டளை கொடுத்து, வருகிற அத்தனை எண்ணையும் ஒரு தாளில் எழுதி மெஷினின் பக்கவாட்டில் ஒட்டிவிட்டு, பிட்டை மாட்டுங்கள்.