டேப்லெட்டின் காந்தக் கவர்: வாங்கும்போதும் பயன்படுத்தும்போதும் செய்கிற தவறுகள்

டேப்லெட் வாங்க ஒரு மாதம் வீடியோ பார்ப்பவர்கள்கூட கவரை இரண்டே நிமிடத்தில் வாங்கிவிடுகிறார்கள். கலர் பிடித்திருக்கிறது, விலை கம்மி, அவ்வளவுதான் கணக்கு. அப்புறம் புலம்பல் தொடங்கும். மூடினால் ஸ்கிரீன் அணைவதில்லை, பேனாவுக்கு சார்ஜ் ஏறுவதில்லை, பைக்குள்ளேயே எரிந்து எரிந்து பேட்டரி தீர்ந்துவிடுகிறது. பழி முழுக்க "மட்டமான கவர்" மேல் விழும். பல சமயம் அது மட்டமான கவரே இல்லை, பொருந்தாத கவர். காந்தக் கவரை வெறும் உறை என்று நினைப்பதில்தான் சிக்கல். அதன் வேலையில் பாதியைச் செய்வது டேப்லெட்டுக்குள் இருக்கும் காந்தங்களும் சென்சாரும்.

இதைப் பரவலாக்கியது 2011 மார்ச்சில் ஐபேட் 2 உடன் ஆப்பிள் கொண்டுவந்த ஸ்மார்ட் கவர். பாலியூரித்தேனில் 39 டாலர், தோலில் 69 டாலர். முதல் ஐபேடின் உறையில் டேப்லெட்டை அப்படியே உள்ளே நுழைக்க வேண்டும். இந்தக் கவரோ ஐபேடின் ஓரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலே தானாக நேராகி 'டக்' என்று ஒட்டிக்கொண்டது. கருவிகளைப் பிரித்துப் பழுதுபார்க்கும் முறையைச் சொல்லித்தரும் ஐஃபிக்ஸிட் குழு இரண்டையும் பிரித்துப் பார்த்து, கவரில் 21 காந்தங்களும் ஐபேடில் 10 காந்தங்களும் இருப்பதாகக் கணக்குச் சொன்னது. அத்தனைக்கும் ஒரே வேலை இல்லை. சில கீலைப் பிடிக்கும். சில கவரைச் சுருட்டி முக்கோணமாக நிறுத்தும்போது அது பிரியாமல் காக்கும். ஒன்று மட்டும் டேப்லெட்டை எழுப்பவும் தூங்க வைக்கவும். தானாக நேராவதன் ரகசியம், கீலில் வட துருவமும் தென் துருவமும் மாறி மாறி அடுக்கப்பட்டிருப்பதுதான். ஒரு சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் எதிர்ப்பட்டவை விலக்கும், பொருந்தியவை இழுக்கும், கவர் தன் இடத்துக்கு நகர்ந்து வந்துவிடும்.

இது தெரிந்தால், இஞ்ச் சொல்லிக் கவர் வாங்குவது ஏன் பிழை என்பது விளங்கும்.

"பத்து புள்ளி ஒன்பது இஞ்ச் கவர் இருக்கா?"

சென்னை ரிச்சி தெருவின் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் சரி, ஆன்லைனிலும் சரி, இப்படிக் கேட்டால் ஏதோ ஒன்று கிடைக்கும். ஐந்தாம் தலைமுறை ஐபேட் ஏரும் பத்தாம் தலைமுறை சாதா ஐபேடும் 2022இல் வந்தவை. இரண்டுமே 10.9 இஞ்ச் என்றுதான் விற்கப்பட்டன. ஏரின் நீளம் 247.6 மில்லிமீட்டர், அகலம் 178.5, தடிமன் 6.1. மற்றதற்கு 248.6, 179.5, 7.0. நீளத்திலும் அகலத்திலும் ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். அந்த ஒரு மில்லிமீட்டரில் கேமரா ஓட்டை தள்ளிப்போகும், காந்தங்களின் இடமும் ஒத்துவராது. ஏரின் பக்கவாட்டில் பேனாவை ஒட்டி சார்ஜ் ஏற்றலாம், சாதா ஐபேடில் அந்த வசதியே கிடையாது. இரண்டுக்கும் சேர்த்து 'பொருந்தும்' என்று ஒரே கவரை விற்பவர் ஏதோ ஒன்றில் சமரசம் செய்திருக்கிறார்.

பெயர் ஒன்றாக இருந்தாலும் நம்ப முடியாது. 2018 ஐபேட் புரோவின் கவரை 2020 மாடலில் போட்டால், பெரிதாகிவிட்ட கேமராவுக்கு அதில் இடம் இல்லை. 2024இல் எம்4 சிப்போடு வந்த புரோ இன்னும் மெலிந்தது. முன்கேமராவும் நீளவாட்டு ஓரத்துக்கு மாறியது. ஆப்பிளின் கீபோர்டு கவரான மேஜிக் கீபோர்டின் பழைய மாடலும், இரண்டாம் தலைமுறை ஆப்பிள் பென்சில் பேனாவும் அதில் வேலை செய்யாது. அண்ணன் புது டேப்லெட் வாங்கினால் பழைய கீபோர்டு தம்பிக்கு என்று கணக்குப் போடுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

ஆகவே கடையில் சொல்ல வேண்டியது மாடல் எண். ஐபேடில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போய் மாடல் நம்பர் என்ற வரியை ஒருமுறை தொட்டால் 'ஏ' எழுத்தும் நான்கு இலக்கங்களும் வரும். அந்த எண் கவரின் விவரப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலும் 'அபவுட் டேப்லெட்' பகுதியில் இதைப் போன்ற எண் உண்டு.

அளவு சரியாக இருந்து, காந்தம் தலைகீழாக இருந்த கதையும் நடந்திருக்கிறது. 2012இல் மூன்றாம் ஐபேட் வந்தபோது, ஐபேட் 2க்கு வாங்கிய சில கவர்கள் அழகாகப் பொருந்தின, ஆனால் திறந்தால் மூடினால் ஸ்கிரீன் அசையவில்லை. புது ஐபேடின் சென்சார் காந்தத்தின் எந்தத் துருவம் தன்னைப் பார்க்கிறது என்பதையும் கவனித்தது. அந்தக் கவர்களிலோ காந்தம் மறுபக்கம் திரும்பி இருந்தது. கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

காந்தம் எங்கே இருக்கிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு ஸ்டேப்ளர் பின்னை நூலில் கட்டித் தொங்கவிட்டு, கவரின் திறக்கும் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். சில இடங்களில் பின் சட்டென்று துள்ளி ஒட்டும். அந்த இடங்களைப் பென்சிலால் லேசாகக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்கிரீன் மேல் ஒரு தாளை விரித்து, அதன் ஓரத்திலும் அதே மாதிரி பாருங்கள். குறிகளும் டேப்லெட்டின் இழுப்பும் எதிரெதிரே வரவில்லை என்றால், கவர் மூடி நிற்காததற்குக் காரணம் தெரிந்துவிட்டது. தாள் இல்லாமல் செய்தால் கீறல் விழும்.

தூங்காத டேப்லெட்

மூடியதும் அணைவது ஹால் சென்சாரின் வேலை. காந்தப்புலம் மின்னோட்டத்தைப் பக்கவாட்டில் தள்ளும் என்பதை எட்வின் ஹால் 1879இல் கண்டுபிடித்தார். அந்த விளைவைத்தான் இன்று அரிசியளவு சில்லு ஒன்று டேப்லெட்டின் ஓரத்தில் உட்கார்ந்து உணர்கிறது. இந்தச் சில்லை ஏமாற்றுவது சுலபம், நாமே தெரியாமல் ஏமாற்றிக்கொண்டும் இருக்கிறோம்.

பெரும்பாலும் நடப்பது, தடிமனான டெம்பர்டு கிளாஸ் ஒட்டி, போதாக்குறைக்கு ஓரம் உயர்ந்த ரப்பர் பவுச்சையும் மாட்டி, அதன் மேல் கவரை மூடுவது. காந்தத்தின் பிடி தூரத்தோடு படுவேகமாகக் குறையும். ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளி போதும், கவர் மூடினாலும் லேசாகத் தூக்கியே நிற்கும், சில்லுக்கு எதுவும் எட்டாது. கண்ணாடி அவசியம் வேண்டும் என்றால் மெல்லியதாக வாங்குங்கள். பவுச்சும் காந்தக் கவரும் சேர்ந்து வேண்டும் என்றால் இரண்டும் ஒரே துண்டாக வரும் மாடலை வாங்குங்கள்.

இதற்கு நேர்மாறான தொல்லை, படித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்கிரீன் அணைவது. கவரைப் பின்னால் மடித்துப் பிடிக்கும்போது அதன் காந்தம் பின்பக்கமாகச் சென்சாரை எட்டிவிடும். சில கவர்களில் இப்படி நடக்கிறது. சற்றுத் தள்ளி மடித்துப் பாருங்கள். நின்றுவிட்டால் டேப்லெட்டில் எந்தக் கோளாறும் இல்லை, சர்வீஸ் சென்டருக்கு அலைய வேண்டாம். காந்தக் கவர் போட்ட டேப்லெட்டை லேப்டாப்பின் கீபோர்டு ஓரத்தில் வைத்துவிட்டு, லேப்டாப் ஸ்கிரீன் ஏன் திடீரென்று கறுத்தது என்று திகைப்பவர்களும் உண்டு. லேப்டாப்பிலும் அதே சில்லுதான். மூடி மூடப்பட்டது என்று அது நினைத்துக்கொண்டது.

கவரை மூடினால் போதும், டேப்லெட் பத்திரம் என்று நினைத்து பாஸ்கோடே வைக்காமல் விடுவது தனித் தவறு. பாஸ்கோடு இல்லாத டேப்லெட்டைக் கவரைத் திறக்கிற யாரும் பார்க்கலாம். பாஸ்கோடு இருந்தும் ஒருமுறை ஓட்டை விழுந்திருக்கிறது. 2011 அக்டோபரில், ஐ.ஓ.எஸ் 5 ஓடிய ஐபேட் 2வில், பவர் பட்டனை அழுத்திப் பிடித்து, அணைக்கவா என்று கேட்கும்போது கவரை மூடித் திறந்து, கேன்சல் கொடுத்தால் பூட்டைத் தாண்டி உள்ளே போக முடிந்தது. அடுத்த மாதமே 5.0.1 அப்டேட்டில் சரிசெய்தார்கள். அப்டேட்டை ஒத்திப்போடாதீர்கள் என்று சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பேனா ஒட்டுகிறது என்றால் சார்ஜ் ஏறுகிறது என்று பொருள் இல்லை

கவரில் பேனாவுக்கு ஒரு பள்ளம் இருந்தால், அதில் வைத்தால் சார்ஜ் ஏறும் என்று நம்பிவிடுகிறோம். அது வெறும் இருப்பிடம். இரண்டாம் தலைமுறை ஆப்பிள் பென்சிலுக்குச் சார்ஜ் ஏறுவது டேப்லெட்டின் பக்கவாட்டில் ஒரே ஒரு இடத்தில்தான். கவர் அந்த ஓரத்தை மூடியிருந்தால் பேனா பட்டினி. 2023இல் வந்த யு.எஸ்.பி-சி ஆப்பிள் பென்சில் பக்கவாட்டில் ஜம்மென்று ஒட்டும், ஆனால் அங்கே துளி சார்ஜ்கூட ஏறாது, கேபிள்தான் கதி. விலை குறைவு என்று அதை வாங்கியவர்களில் பலர் தேர்வு அன்று காலையில்தான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்7, எஸ்8 ஆகியவற்றில் விஷயம் பின்பக்கம். பக்கவாட்டில் சாம்சங்கின் பேனாவான எஸ் பென் ஒட்டும், சார்ஜ் ஏறுவது பின்னால் கேமராவை ஒட்டியுள்ள பட்டையில் மட்டுமே. அந்தப் பட்டையை மூடும் கவர்கள் சந்தையில் ஏராளம். ஒரு ஆறுதல், எஸ் பென் எழுதுவதற்குச் சார்ஜ் தேவையில்லை. தூரத்திலிருந்து பட்டனை அழுத்திச் செய்யும் வேலைகளுக்குத்தான் தேவை. ஆகவே எழுதவும் வரையவும் மட்டும் வாங்கியவர் இந்தக் கவலையை விட்டுவிடலாம்.

இழுத்தால் வராது, தள்ளினால் வழுக்கும்

கடைக்காரர் கவரின் ஒரு முனையைப் பிடித்து டேப்லெட்டைத் தொங்கவிட்டுக் காட்டுவார். 2012இல் மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸை அறிமுகப்படுத்தியபோது மேடையிலும் 'கிளிக்' என்று ஒட்டும் கீபோர்டு கவர்தான் கைதட்டல் வாங்கியது. ஆனால் காந்தத்தை நேராக இழுத்துப் பிரிப்பதுதான் கஷ்டம். பக்கவாட்டில் தள்ளினால் அதைத் தடுப்பது உராய்வு மட்டுமே, அது சுலபமாகத் தோற்றுவிடும். கவரைப் பிடித்துத் தூக்குவது, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்துச் சமையல் வீடியோ பார்ப்பது, பின்னால் இரும்புத் தகடு ஒட்டிக் காரில் மாட்டுவது எல்லாமே இந்தப் பலவீனமான திசையை நம்புகிற காரியங்கள். கதவை ஓங்கிச் சாத்தும் வீட்டில் ஃபிரிட்ஜ் யோசனையே வேண்டாம்.

கீபோர்டு கவரில் இன்னொரு கணக்கும் உண்டு. 2020 மேஜிக் கீபோர்டை 12.9 இஞ்ச் ஐபேட் புரோவோடு சேர்த்துத் தூக்கினால், அதே ஆண்டு வந்த மேக்புக் ஏரைவிடக் கனம். டேப்லெட்டை அந்தரத்தில் நிறுத்த வேண்டுமானால் அடிப்பக்கம் கனமாகத்தான் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பின்னால் கவிழும். மெல்லிய, எடையில்லாத, ஆனால் இதே மாதிரி நிற்கும் கீபோர்டு என்று யாராவது விற்றால், மடியில் வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். மடியில் ஆடுவதைக் குறைக்கத்தான் 2014 சர்ஃபேஸ் புரோ 3 கீபோர்டில் ஓரத்தை மேலே மடித்து ஸ்கிரீனின் அடிப்பகுதியோடு ஒட்டும் இரண்டாவது காந்த வரிசையைச் சேர்த்தார்கள். என் கணக்கில் இந்தத் துறையின் சிறந்த யோசனைகளில் அது ஒன்று.

உடம்புக்குள் கருவி இருப்பவர்கள்

இது மட்டும் பணம் சம்பந்தப்பட்ட தவறு அல்ல. பேஸ்மேக்கர் வைத்தவர்களும், இதயத் துடிப்பு தவறினால் அதிர்ச்சி கொடுக்கும் ஐ.சி.டி கருவி வைத்தவர்களும், காந்தக் கவர் போட்ட டேப்லெட்டை மார்பின் மேல் வைத்துப் படித்தபடி தூங்கக் கூடாது. காந்தம் அருகே வந்தால் பேஸ்மேக்கர் நிலையான வேகத்துக்கு மாறும், ஐ.சி.டி தன் அதிர்ச்சியை நிறுத்தி வைக்கும். அறுவை சிகிச்சையின்போது மருத்துவர்களே வேண்டுமென்று காந்தத்தை மார்பில் வைப்பது இதற்காகத்தான், அந்த வசதி கருவியிலேயே இருக்கிறது. காந்தத்தை எடுத்தால் பொதுவாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் தூங்குபவர் எடுக்கமாட்டாரே. மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2021இல் செல்போன், ஸ்மார்ட் வாட்ச் போன்றவற்றை இத்தகைய கருவிகளிலிருந்து ஆறு இஞ்ச் தள்ளி வைக்கச் சொன்னது. டேப்லெட்டுக்கும் அதே தூரத்தைப் பின்பற்றலாம்.

மூளையில் தேங்கும் நீரை வடிப்பதற்காக, அழுத்தத்தை மாற்றியமைக்கக்கூடிய ஷன்ட் வால்வு வைத்த குழந்தைகள் விஷயத்திலும் கவனம் வேண்டும். இந்த வால்வை மருத்துவர் வெளியிலிருந்து காந்தத்தால்தான் திருப்புகிறார். 2012இல் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஸ்மார்ட் கவர் போட்ட ஐபேட் 2வை வைத்துச் சோதித்தார்கள். ஒரு சென்டிமீட்டருக்குள் கொண்டுபோனபோது பாதிக்கும் மேற்பட்ட முறை வால்வின் அமைப்பு மாறியது. 2.5 சென்டிமீட்டரைத் தாண்டியதும் மாறவே இல்லை. டேப்லெட்டை விலக்கச் சொல்லவில்லை, தலையோடு ஒட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஏ.டி.எம் கார்டு பற்றிய பயத்துக்கு இதில் பாதி நியாயம்கூட இல்லை. கார்டின் சில்லைக் காந்தம் ஒன்றும் செய்யாது, வங்கிக் கார்டின் கறுப்புப் பட்டையும் சுலபத்தில் அழியாத வகை. பலவீனமானவை சில ஹோட்டல்களின் அறைச் சாவிக் கார்டும் பார்க்கிங் கார்டும். கவரின் பாக்கெட்டில் அவற்றை வைத்தால் இரவில் ரிசப்ஷனுக்கு இறங்கிவர வேண்டியிருக்கும்.

கவரின் காந்தம் டேப்லெட்டின் திசைகாட்டியையும் குழப்பலாம். மேப்பில் அம்புக்குறி தவறான திசையைக் காட்டினால் கவரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

தூசி

கவரின் உட்பக்கத் துணி ஸ்கிரீனைத் துடைக்கும் என்ற விளம்பரத்தை நம்பித் தூசியோடு மூடாதீர்கள். முதல் ஸ்மார்ட் கவரில் துணி படாத மடிப்பு வரிகளில் தூசி கோடு கோடாகப் படிந்ததுதான் மிச்சம். இரும்புத் தூள் இன்னும் மோசம். லேத் பட்டறை, கிரில் வேலை நடக்கும் இடம், மணவாளக்குறிச்சி மாதிரி கருமணல் கடற்கரை என்று எங்கே வைத்தாலும் காந்தம் துகள்களைக் கீலோரம் சேர்த்துக்கொள்ளும். கவரைத் திறந்து மூடும்போது அவை அலுமினியத்தைக் கீறும். துணியால் துடைத்தால் தேய்த்துப் பரப்பியதாகத்தான் ஆகும். செல்லோ டேப்பைக் கீலின் மேல் ஒட்டி நேராக மேலே உரித்தெடுங்கள், இரண்டு மூன்று முறையில் வந்துவிடும். டேப்லெட்டின் ஓரத்துக்கும் அதையே செய்யுங்கள், ஸ்பீக்கர் ஓட்டைகளின் மேல் மட்டும் ஒட்ட வேண்டாம்.