சியாட்டிகா வலிக்குப் பிட்டத் தசையைத் தளர்த்தும் முறை

கீழ்முதுகிலிருந்து கிளம்பும் நரம்பு வேர்கள் ஒன்றுசேர்ந்து உருவாகும் சியாட்டிக் நரம்பு, பிட்டத்தின் ஆழத்திலுள்ள பிரிஃபார்மிஸ் என்னும் சிறு தசைக்கு அடியில், பெரும்பாலோருக்கு அதை ஒட்டியபடியே, தொடையின் பின்புறமாகக் கீழே இறங்குகிறது. அந்தத் தசை இறுகி நரம்பை உறுத்தும்போது காலை இழுக்கும் வலிக்கே இம்முறை அதிகம் உதவும். ஆனால் சியாட்டிகாவுக்கு, அதாவது இந்த நரம்பின் வழியே காலில் இறங்கும் வலிக்கு, முதுகெலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்குவதே பரவலான காரணம். தசையை அழுத்தினால் டிஸ்க் உள்ளே போய்விடாது, சுற்றியுள்ள பிடிப்பு சற்றுத் தளரலாம், அவ்வளவே.

சிறுநீர், மலத்தின் மீது கட்டுப்பாடு தளர்ந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாவிட்டாலோ எதையும் அழுத்தாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுப்பவர்களும், கெண்டைக்காலில் வீக்கம் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

முதலில் தசையைக் கண்டுபிடிக்க வேண்டும். இடுப்பின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துக் காலை உள்ளும் வெளியுமாகத் திருப்பினால், கைக்கு அடியில் ஓர் எலும்பு முண்டு உருளும். வால் எலும்புக்கு மேலே உள்ள தட்டையான எலும்பின் ஓரத்திலிருந்து அந்த முண்டின் உச்சி வரை மனத்தில் ஒரு கோடு போடுங்கள். தசை ஏறக்குறைய அதன்மேல்தான் கிடக்கிறது. நடுப்பகுதியில் நரம்பு வெளிப்படுவதால், அதை விட்டுவிட்டு இரு முனைகளை ஒட்டியே அழுத்துவது நல்லது.

சுவருக்கும் பிட்டத்துக்கும் இடையில் டென்னிஸ் பந்தை வைத்து, முழங்காலைச் சற்று மடக்கி, உடல் எடையை மெல்லச் சாயுங்கள். கிரிக்கெட் பந்து வேண்டாம், அது மிகக் கடினம். வலி பத்துக்கு ஐந்தைத் தாண்டாத அளவில், மூச்சை அடக்காமல், ஓர் இடத்தில் 30 முதல் 60 நொடிகள் நில்லுங்கள். தசை வலி அமுக்கினாற்போல் மந்தமாக இருந்து மெல்லக் குறையும். மாறாக, மின்சாரம் பாய்ந்ததுபோல் காலில் சுரீரென்று இறங்கினால் நீங்கள் நரம்பின் மேல் இருக்கிறீர்கள், உடனே ஒரு விரற்கடை நகருங்கள். மொத்தம் ஐந்து நிமிடம் போதும்.

வேறொருவர் உதவினால், வலிக்கும் பக்கம் மேலே வருமாறு ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு இடையில் தலையணை வைத்துக்கொள்ளுங்கள். அவர் முழங்கையால் குத்தாமல், உள்ளங்கையின் அடிப்பகுதியால் மெதுவாக அழுத்த வேண்டும். எண்ணெய் தேவையில்லை; தடவினால் கை வழுக்கி ஓரிடத்தில் நிற்காது.

மறுநாள் இலேசான உளைச்சல் இருப்பது இயல்பு. காலில் இருந்த வலி பிட்டத்தை நோக்கிப் பின்வாங்கினால் தொடரலாம். முன்பைவிடக் கீழே இறங்கினால் நிறுத்திவிட்டு இயன்முறை மருத்துவரைப் பாருங்கள்.