குக்கர் ரப்பர் தேடுவது எப்படி?

எங்கள் குடியிருப்பில் யார் வீட்டுக் குக்கர் ரப்பர் தளர்ந்தாலும், வாங்கித் தரும் பொறுப்பு என் தலையில்தான் விழுகிறது. ஷாப்பிங் தளத்தில் "குக்கர் ரப்பர்" என்று தேடினால் முதலில் வருவது புதுக் குக்கர். பிறகு இட்லித் தட்டு. அதற்கும் கீழே, விளம்பரங்களுக்கு நடுவே, எல்லாக் குக்கருக்கும் பொருந்தும் என்று சத்தியம் செய்யும் ஒரு கறுப்பு வளையம். அதைத் தொடாதீர்கள். எல்லாவற்றுக்கும் பொருந்தும் ரப்பர் என்று ஒன்று கிடையாது.

கைபேசியை எடுக்கும் முன் குக்கரை எடுங்கள். நிறுவனம், மாடல், எத்தனை லிட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். மூடி பாத்திரத்துக்குள் இறங்கிப் பொருந்துகிறதா, வெளியிலிருந்து கவ்வுகிறதா என்று பாருங்கள். ஹாக்கின்ஸ் என்றால் பெரும்பாலும் உள்மூடி. பிரெஸ்டீஜில் இரண்டு வகையும் உண்டு. ஐந்து லிட்டர் என்பது மட்டும் போதாது. அகலமான ஐந்து லிட்டருக்கும் உயரமான ஐந்து லிட்டருக்கும் வாய் அளவு வேறு. எழுத்து தேய்ந்துபோன பழைய குக்கரா? மூடியில் ரப்பர் உட்காரும் இடத்தின் குறுக்களவை மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். பழைய ரப்பரை மட்டும் அளக்காதீர்கள், அது விரிந்துபோயிருக்கும்.

இனித் தேடலாம். "ரப்பர்" வேண்டாம், "காஸ்கட்" (gasket) என்று ஆங்கில எழுத்தில் போடுங்கள்; விற்பவர்கள் அப்படித்தான் பதிவிடுகிறார்கள். முன்னால் நிறுவனத்தின் பெயர், மாடல், லிட்டர். "குக்கர்" என்ற சொல்லையே விட்டுவிட்டால் புதுக் குக்கர்களின் கூட்டம் பெருமளவு குறையும். அப்படியும் கிடைக்காவிட்டால் கூகுளுக்குப் போய், மாடல் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். பல நேரம் தளத்தின் சொந்தத் தேடலைவிட இதுவே நேராகச் சரியான பக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது.

"விலை குறைந்தது முதலில்" என்ற வரிசையை நான் தொடுவதே இல்லை. விசில் உறை, ஸ்டிக்கர் போன்ற சில்லறைச் சாமான்கள்தான் மேலே ஏறி உட்காரும்.

சரியான பக்கம் வந்த பிறகுதான் கூடுதல் கவனம் வேண்டும். மூன்று லிட்டர், ஐந்து லிட்டர், ஏழரை லிட்டர் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடைத்து, எல்லாவற்றின் விமர்சனங்களையும் கலந்து வைத்திருப்பார்கள். ஐந்து நட்சத்திரம் ஏழரை லிட்டர்காரர் கொடுத்ததாக இருக்கலாம். விமர்சனங்களுக்குள் உங்கள் மாடல் பெயரைத் தேடி, வாங்கியவர்கள் எடுத்த படங்களைப் பாருங்கள். கூடையில் போட்ட பிறகும் அளவை ஒருமுறை சரிபாருங்கள். நீங்கள் போடாத பொருள் ஏதாவது கூடையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இப்படிச் சேர்ப்பதையும் விளம்பரத்தை விளம்பரம் என்று தெரியாதபடி காட்டுவதையும் 2023ஆம் ஆண்டின் மத்திய அரசு வழிகாட்டுதல்கள் தடை செய்துள்ளன. புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

குக்கரே வாங்குவதாக இருந்தால் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை, அந்த முத்திரையை வழங்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டுப் பாருங்கள்.

ரப்பர் வந்ததும் மூடியில் வைத்துப் பாருங்கள். சுருங்காமல், பிதுங்காமல் உட்கார்ந்தால் வெறும் தண்ணீர் ஊற்றி ஒரு விசில் விடுங்கள். ஓரத்தில் ஆவி கசிந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பப் பதிவு செய்துவிடுங்கள்.