பழைய கேமிங் கணினியில் எதை முதலில் மாற்றுவது? மலையக வீடுகளுக்கான செய்முறை விளக்கம்

ஹட்டனுக்கு அருகே தோட்டத்து வீடொன்றில் ஓடும் என்னுடைய கேமிங் கணினி, 2014இல் வெளிவந்த கோர் ஐ5 4590 புரொசசரையும், எச்81 மதர்போர்டையும், ஒற்றை 8 ஜிபி டிடிஆர்3 ரேமையும், ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்கையும், ஜிடிஎக்ஸ் 750 டிஐ கிராபிக்ஸ் கார்டையும் கொண்டு பொருத்தப்பட்டது. கேம்கள் திணறத் தொடங்கியதும், கையில் சேர்ந்திருந்த பணம் முழுவதையும் கொடுத்து, பாவித்த ஜிடிஎக்ஸ் 1060 கார்ட் ஒன்றை வாங்கினேன். அந்தக் கார்டில் பிழை ஏதும் இருக்கவில்லை. வாங்கிய வரிசைதான் பிழையாக இருந்தது. 2022இல் இலங்கையில் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு மேலே போன பிறகு, ஒரே உதிரிப்பாகத்தை இரண்டு முறை வாங்க நம்மில் பெரும்பாலானோருக்கு வசதி இல்லை. ஆகவே எந்தப் பாகத்தில் முதலில் கைவைக்க வேண்டும் என்பதை, நான் பட்ட சிரமத்தின் வழியாகவே இங்கு எழுதுகிறேன். கேஸைத் திறப்பது, திருகாணிகளைக் கழற்றுவது போன்றவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: பணம் செலவழிக்கும் முன் துப்புரவு

நமது ஊர்க் குளிரில் கணினி சூடாகாது என்று பலர் நினைக்கிறார்கள். வெளிக்காற்று குளிராக இருந்தாலும், விறகடுப்பு எரியும் வீட்டில் புகைக்கரி எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து ஃபேன் இதழ்களிலும் ஹீட் சிங்க் இடுக்குகளிலும் படிந்துவிடுகிறது. சாதாரணத் தூசியைப் போல இது ஊதினால் போகாது. மென்மையான தூரிகையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹோலும் தேவை. புரொசசரின் மேலுள்ள பழைய தெர்மல் பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். பனிமூட்டக் காலத்து ஈரம் ரேமின் பொன்னிறத் தொடுமுனைகளை மங்கச் செய்திருந்தால், ரேமைக் கழற்றி, பள்ளிக்கூட அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டு மீண்டும் செருகுங்கள். இவ்வளவையும் முடித்த பின் வெப்பநிலையை எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பாருங்கள். சூட்டினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்த புரொசசர், இந்த ஒரு நாள் வேலையிலேயே பழைய வேகத்துக்குத் திரும்பக்கூடும்.

படி 2: எந்தப் பாகம் மற்றவற்றைக் காக்க வைக்கிறது?

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரை ரிவாடியூனரோடு சேர்த்து நிறுவுங்கள். கேம் ஓடும்போதே திரையின் மூலையில் எண்களைக் காட்டும் மென்பொருள்கள் பல இருந்தாலும், பழைய கணினிக்குப் பாரமில்லாமல் ஓடுவதால் எனக்கு இதுவே பிடிக்கும். பின்னர் கேமில், பிரேம்களை மானிட்டரின் வேகத்தோடு கட்டிப்போடும் வி-சின்க் வசதியை அணைத்துவிடுங்கள். அதை அணைக்காவிட்டால், 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் பிரேம் எண்ணிக்கை, அதாவது நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை, 60இல் நின்றுவிடும்; சோதனைக்கே பொருள் இராது.

இப்போது கேமின் கனமான ஓர் இடத்தில் நின்று, 1080பி தெளிவில் பிரேம் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். வேறு எதையும் மாற்றாமல் தெளிவை மட்டும் 720பிக்குக் குறைத்து, அதே இடத்தில் மீண்டும் குறியுங்கள். எண்ணிக்கை நன்றாக உயர்ந்தால், தடையாக இருப்பது கிராபிக்ஸ் கார்ட். எண்ணிக்கை அசையாமல் நின்றால், கார்ட் வேலையின்றிக் காத்திருக்கிறது. தடை புரொசசரிலோ ரேமிலோ இருக்கிறது. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. கார்ட் வாங்குவதற்கு முன் நான் இதைச் செய்யவில்லை.

டாஸ்க் மேனேஜரில் புரொசசர் 60 வீதம் மட்டுமே வேலை செய்வதாகத் தெரிந்தால் அதை நம்பிவிடாதீர்கள். அது நான்கு கோர்களின் சராசரி. அவற்றில் ஒன்று 100 வீதத்தில் மூச்சுமுட்டிக்கொண்டிருக்க, மற்ற மூன்றும் பாதி ஓய்வில் இருக்கலாம். வரைபடத்தின்மீது வலது பக்கம் சொடுக்கி, ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகக் காட்டும்படி மாற்றிய பிறகு பாருங்கள். பிரேம் எண்ணிக்கை நன்றாக இருந்தும், புதிய பகுதிக்குள் நுழையும்போது மட்டும் கேம் உறைந்து நின்றால், டிஸ்க் 100 வீதத்தைத் தொடுகிறதா, ரேம் நிரம்பி வழிகிறதா என்று கவனியுங்கள்.

படி 3: பவர் சப்ளை, நான் விழுந்த இடம்

ஜிடிஎக்ஸ் 1060ஐப் பொருத்திய அன்று கணினி ஒழுங்காகவே இயங்கியது. விண்டோஸ் வந்தது, டிரைவர் ஏறியது, வீடியோக்கள் ஓடின. கேமைத் திறந்து, முதல் காட்சி திரையில் தோன்றிய நொடியில் கணினி அணைந்து மறுபடி தொடங்கியது. பத்து முறை முயன்றும் அதேதான் நடந்தது. கார்ட் பழுதென்று முடிவுசெய்து, ரயிலேறிக் கொழும்புக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் அதைத் தன் கணினியில் பொருத்தி, ஒரு மணி நேரம் என் கண் முன்னாலேயே ஓட்டிக் காட்டினார். ஒரு நாள் சம்பளமும் பயணச் செலவும் போனதுதான் மிச்சம்.

பிறகு கண்டியில் கணினி திருத்தும் ஓர் அண்ணன் என் பெட்டியைத் திறந்து பார்த்தார். "தம்பி, 500 வாட்ஸ் என்று எழுதியிருக்கிறதைப் பார்க்காதீங்க. 12 வோல்ட்டுக்குக் கீழே எத்தனை அம்பியர் என்று பாருங்க" என்று பவர் சப்ளையின் ஸ்டிக்கரைக் காட்டினார். அங்கே 18 அம்பியர் என்றிருந்தது.

இதைச் சற்று நிதானமாகப் புரிந்துகொள்ளுங்கள். கணினியில் அதிக மின்சாரத்தை இழுக்கும் புரொசசரும் கிராபிக்ஸ் கார்டும் 12 வோல்ட் இணைப்பிலிருந்தே அதைப் பெறுகின்றன. 12ஐ 18ஆல் பெருக்கினால் 216 வாட்ஸ். என் பவர் சப்ளை அந்த வழியில் தரக்கூடியது அவ்வளவுதான். ஐ5 4590க்கு 84 வாட்ஸ், ஜிடிஎக்ஸ் 1060க்கு 120 வாட்ஸ், ஆக இரண்டுக்கும் 204. அதோடு மதர்போர்ட், டிஸ்க், ஃபேன் ஆகியவற்றையும், கார்ட் கணநேரம் அதிகமாக இழுக்கும் இழுப்பையும் சேர்த்தால் எல்லை தாண்டிவிடும். பெட்டியில் அச்சிட்டிருந்த 500 என்பது, கணினிக்கு அவ்வளவாகத் தேவைப்படாத மற்ற இணைப்புகளையும் கூட்டி எழுதிய எண். பழைய 750 டிஐ வெறும் 60 வாட்ஸில் ஓடியதால், இந்தக் குறை இத்தனை வருடம் வெளியே தெரியவில்லை.

எச்சரிக்கை இன்னொன்றும் என் கண் முன்னே இருந்தது. 1060க்கு வேண்டிய ஆறு முனை இணைப்பு அந்தப் பவர் சப்ளையில் இல்லாததால், பழைய டிஸ்க் இணைப்புகள் இரண்டை ஒன்றாக்கும் மாற்றியைப் போட்டிருந்தேன். கார்ட் கேட்கும் இணைப்பு பவர் சப்ளையிலேயே இல்லையென்றால், அந்தக் கார்டுக்காக அது தயாரிக்கப்படவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாற்றியை வாங்காதீர்கள்.

மலையகத்தில் இன்னும் ஒரு காரணம் சேர்ந்துகொள்கிறது. மாலையில் லயன் (தோட்டத்து வரிசை வீடுகள்) முழுவதும் ரைஸ் குக்கரும் அயன் பெட்டியும் ஓடும் நேரத்தில், 230 வோல்ட் இருக்க வேண்டிய என் வீட்டுப் பிளக்கில் மல்டிமீட்டர் 190ஐக் காட்டியது. ஆகவே புதிய பவர் சப்ளை வாங்கும்போது, உள்வரும் மின்னழுத்தம் 100 முதல் 240 வோல்ட் வரை என்று ஸ்டிக்கரில் எழுதியிருப்பதையே தேர்ந்தெடுங்கள். 200 முதல் 240 என்றிருந்தால் வேண்டாம். பின்புறத்தில் 115, 230 என்று சிவப்புச் சுவிட்ச் உள்ள மலிவானவற்றையும் தவிர்த்துவிடுங்கள். மின்னழுத்தம் குறைகிறதே என்று யாராவது அதை 115க்குத் தள்ளினால், பிளக்கைப் போட்ட கணத்திலேயே கருகிவிடும். 80 பிளஸ் முத்திரை, மின்சாரம் வெப்பமாக வீணாகும் இழப்பு எவ்வளவு குறைவு என்பதற்கான சான்று மட்டுமே. அது நல்லதுதான், ஆனால் அம்பியர் எண்ணைப் பார்க்காமல் அதை மட்டும் நம்பி வாங்க முடியாது.

கேஸின் இரும்பில் கைபட்டால் சுள்ளென்று இழுக்கிறதா? வீட்டு இணைப்பில் எர்த் இல்லை என்பதற்கான அறிகுறி அது. எந்தப் பாகத்தையும் வாங்கும் முன், மின்னிணைப்பு வேலை தெரிந்தவரை அழைத்து எர்த் போடுங்கள். பெரிய இடிமழை பெய்யும் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிளக்கைக் கழற்றுவது மட்டும் போதாது. ரவுட்டரிலிருந்து வரும் கேபிளையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாலும் வரும்.

படி 4: எஸ்எஸ்டி, ரேம்

இவற்றில் குழப்பம் குறைவு. நல்ல ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 150 மெகாபைட் அளவில் படிக்க, சாட்டா எஸ்எஸ்டி 550 வரை படிக்கிறது. சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைத் தேடி எடுக்கும் விரைவிலோ இரண்டையும் ஒப்பிடவே முடியாது. பழைய மதர்போர்டில் என்விஎம்இ என்ற இன்னும் வேகமான எஸ்எஸ்டி வகையைத் தேடி அலைய வேண்டாம்; சாட்டா போதும். விண்டோஸைப் பழைய டிஸ்கிலிருந்து நகலெடுப்பதைவிடப் புதிதாக நிறுவுவதையே நான் விரும்புகிறேன். பாவித்த எஸ்எஸ்டி என்றால், கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் அதன் ஆரோக்கியத்தைப் பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ரேமைப் பொறுத்தவரை, ஒற்றை 8 ஜிபியோடு அதே வேகமுள்ள இன்னொரு 8 ஜிபியைச் சேர்க்கும்போது அளவு இரட்டிப்பாவதோடு, இரு வழிகளிலும் தரவு போகத் தொடங்குகிறது. சேர்த்த பின் சிபியூ-இசட் என்ற மென்பொருளில் இரட்டைச் சேனல் என்று காட்டுகிறதா என்று உறுதிசெய்யுங்கள். என் கணினியில் கேம் உறைந்து நிற்பது இந்த இரண்டு மாற்றங்களோடு நின்றுவிட்டது.

படி 5: கிராபிக்ஸ் கார்ட்

720பி சோதனை கார்டைத்தான் சுட்டியது என்றால், பவர் சப்ளையும் தயார் என்றால், இப்போது வாங்கலாம். பவர் சப்ளையை மாற்றப் பணமில்லாதவர்களுக்கு, தனி மின் இணைப்பில்லாமல் 75 வாட்ஸுக்குள் ஓடும் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ அல்லது ஜிடிஎக்ஸ் 1650 என் பரிந்துரை. 1650 வாங்கும்போது, ஆறு முனை இணைப்புக் கேட்கும் மாதிரிகளும் உண்டு என்பதால் பார்த்து எடுங்கள். 2022இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி புதியதென்பதால் கண்ணைக் கவரும். ஆனால் மதர்போர்டோடு தரவு பரிமாறும் பிசிஐஇ பாதைகளில் அது நான்கையே பயன்படுத்துகிறது. எச்81 போன்ற பழைய போர்டுகளின் ஸ்லொட் இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்ததால், அங்கே அதன் வேகம் நெரிபட்டுவிடும்.

பாவித்த கார்டை, அதன் விவரங்களைக் காட்டும் ஜிபியூ-இசட் மென்பொருளில் பார்க்காமல் வாங்காதீர்கள். 3 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060 என்பது நினைவகம் மட்டும் குறைந்த கார்ட் அல்ல: 6 ஜிபி கார்டில் 1280 கோர்கள் இருக்க, அதில் 1152 மட்டுமே உள்ளன. ஆர்எக்ஸ் 580 என்ற பெயரிலேயே, 2304க்குப் பதிலாக 2048 கோர்கள் கொண்ட வகையும் விற்கப்படுகிறது. பெயரை மாற்றி எழுதிய போலிக் கார்டுகள் சிலவற்றையும் ஜிபியூ-இசட் காட்டிக்கொடுத்துவிடும்.

படி 6: புரொசசர் கடைசியில்

டிடிஆர்3 கணினியில் புதிய தலைமுறைப் புரொசசர் வேண்டுமென்றால், மதர்போர்டையும் ரேமையும் சேர்த்து மூன்றையும் மாற்ற வேண்டும். அதனால்தான் இதைக் கடைசியில் வைக்கிறேன். ஒரே கோர் 100 வீதத்தில் நிற்கிறது என்பது உறுதியானால், அதே சொக்கெட்டில் பொருந்தும் பாவித்த ஐ7 4770 அல்லது 4790 எட்டுத் திரெட்களோடு (ஒரே நேரத்தில் கவனிக்கும் வேலை வரிசைகள்) இன்னும் கொஞ்சக் காலத்தைக் கடத்தித் தரும். ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றை, மிகச் சிலவற்றைத் தவிர, முறைப்படி ஏற்பதில்லை. ஆகவே ஐ7க்குக் கொடுக்கும் பணத்தைச் சேமித்து, ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 வகைப் போர்டும் ரைசன் 5 5600 புரொசசரும் வாங்கும் நாளுக்காக வைத்திருப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. நீங்கள் ஏற்கெனவே அதே ஏஎம்4 வகையைச் சேர்ந்த பி450 போர்டில் ரைசன் முதல் தலைமுறையை வைத்திருப்பவராக இருந்தால் நிலைமை வேறு: பழைய புரொசசர் பொருத்தியிருக்கும்போதே மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துவிட்டு, 5600ஐ நேரடியாகப் போடலாம்.

பிற்சேர்க்கை

இதைப் படித்த பண்டாரவளைத் தங்கை ஒருவர், அலுவலகத்திலிருந்து வந்த பாவித்த டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020இன் சிறிய பெட்டி வடிவத்தை வைத்திருப்பதாக எழுதியிருந்தார். அதில் உள்ளது 255 வாட்ஸ் பவர் சப்ளை. அதன் அளவும் இணைப்பும் வேறு என்பதால், கடையில் கிடைக்கும் சாதாரணப் பவர் சப்ளை அதற்குள் பொருந்தாது. உயரம் குறைந்த, 75 வாட்ஸுக்கு உட்பட்ட கார்ட் மட்டுமே அதற்குச் சரி.

யூபிஎஸ் பற்றிப் பலர் கேட்டார்கள். 650 விஏ என்று எழுதியவை பெரும்பாலும் 360 முதல் 390 வாட்ஸ் வரையே தாங்கும். மின்சாரம் போனதும், யூபிஎஸ் இருந்தும் கணினி அணைகிறது என்றால், முதலில் கேமை மூடிவிட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். அப்போது அணையாவிட்டால் யூபிஎஸ்ஸின் தாங்குதிறன் போதவில்லை. அப்போதும் அணைந்தால், அதன் பற்றரி தளர்ந்திருக்கலாம், அல்லது அது தரும் படிக்கட்டு வடிவ மின் அலை உங்கள் புதிய பவர் சப்ளைக்கு ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம்.

கடைசியாக, கார்டைப் பொருத்தியும் திரையில் ஒன்றும் வரவில்லை என்று எழுதிய மூவருக்கும். முதலாமவர் மானிட்டர் கேபிளை இன்னும் மதர்போர்டிலேயே செருகியிருந்தார்; அதைக் கார்டுக்கு மாற்றியதும் படம் வந்தது. மற்ற இருவரின் மானிட்டர்களிலும் நீல நிற விஜிஏ துளை மட்டுமே இருந்தது. நம் கடைகளில் கிராபிக்ஸ் கார்டை விஜிஏ கார்ட் என்றே அழைப்பதால், எல்லாக் கார்டிலும் அந்தத் துளை இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்து அந்த அனலொக் வெளியீடே கிடையாது. துளையை மட்டும் மாற்றும் மலிவான முனை உதவாது. உள்ளே சிப் உள்ள, எச்டிஎம்ஐயை விஜிஏவாக மாற்றும் கருவியைக் கேட்டு வாங்குங்கள்.