ஸ்டாக்ஹோமில் கப்பல் நிற்கும் ஒரு நாள்: எங்கே தவறுகிறோம்?

சுற்றுலாக் கப்பலின் பயணத்திட்டத்தில் ‘ஸ்டாக்ஹோம், காலை 8 முதல் மாலை 5 வரை’ என்று போட்டிருக்கும். அடடா, ஒன்பது மணி நேரம் கையில் இருக்கிறதே என்று கணக்குப் போடுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே முளைக்கின்றன.

கப்பல் எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். ஸ்டாட்ஸ்கோர்டன் துறை என்றால் யோகம்தான். கரையோரமாகவே நடந்து பழைய நகரத்துக்குப் போய்விடலாம். ஃப்ரீஹாம்னன் என்றால் பஸ் ஏற வேண்டும். நீனஸ்ஹாம்ன் என்று இருந்தால், ஸ்டாக்ஹோம் என்ற பெயரை மறந்துவிடுங்கள். அது நகருக்குத் தெற்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தனி ஊர். புறநகர் ரயிலில் ஒரு மணி நேரம். எட்டு மணிக்குக் கப்பல் நின்றாலும், வரிசையில் நின்று இறங்க எட்டே முக்கால் ஆகும். ஸ்டேஷனுக்கு நடந்து, ரயில் பிடித்து, நகருக்குள் கால் வைக்கும்போது பத்தேகால். ஐந்து மணிக்குக் கிளம்பும் கப்பலில் பெரும்பாலும் நாலரைக்கே ஏறியிருக்கச் சொல்வார்கள். ஒரு ரயில் தவறினாலும் சமாளிக்க வேண்டுமே என்று பார்த்தால், இரண்டேகாலுக்கு நகரைவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். மிஞ்சுவது நான்கு மணி நேரம்தான்.

கடிகார விஷயம் இன்னொன்று. பின்லாந்தின் ஹெல்சின்கியும் எஸ்தோனியாவின் தாலினும் ஸ்வீடனைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகின்றன. முந்தைய நாள் அங்கிருந்து வந்திருந்தால், உங்கள் போன் கரையின் நேரத்துக்கு மாறியிருக்கும், கப்பல் மாறாமலும் இருக்கலாம். திரும்ப வேண்டிய நேரம் கப்பலின் கடிகாரப்படிதான். இறங்கும் வாசலில் எழுதி வைத்திருப்பதைக் கையோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலுக்காகக் கரையில் வேலை பார்க்கும் துறைமுக முகவரின் தொலைபேசி எண்ணும் அதே படத்தொகுப்பில் இருக்கட்டும். கப்பலின் சொந்தச் சுற்றுலாவில் போனவர்கள் தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். நாமாகச் சுற்றப் போனால் காத்திருக்காது.

சரி, அந்த நான்கு மணி நேரத்தில் என்ன பார்ப்பது? இங்கேதான் பட்டியல் மோகம் ஆளைக் கவிழ்க்கிறது. முதல் முறை போனபோது அரண்மனைக் காவலர் மாற்றத்துக்காக முக்கால் மணி நேரம் முன்பே போய் நின்றோம். கோடையில் வார நாட்களில் 12:15க்குத் தொடங்கி முக்கால் மணி நேரம் வரை நடக்கும். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் நின்றவர்களின் தலைகளும், அவர்கள் தூக்கிப் பிடித்த போன்களும்தான். நாளின் நடுப்பகுதி அதிலேயே போய்விட்டது.

என்னைக் கேட்டால், ஒரே ஒரு அருங்காட்சியகம் போதும், அது வாசா. 1628 ஆகஸ்ட் 10 அன்று கிளம்பிய இந்தப் போர்க்கப்பல் முதல் பயணத்திலேயே சுமார் 1,300 மீட்டர்தான் ஓடியது. மேல்பாகம் கனம், அடியில் போதிய எடை இல்லை. காற்று அடித்ததும் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கி வாசல்கள் வழியே தண்ணீர் புகுந்து மூழ்கியது. 333 ஆண்டுகள் கழித்து 1961இல் தூக்கினார்கள். பால்டிக் கடலில் உப்பு குறைவு, மரத்தை அரிக்கும் கப்பல்புழு அங்கே வாழாது. அதனால்தான் இன்று நாம் பார்ப்பதில் 98 சதவீதம் அசல் மரம். இதற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்காமல் அரை மணியில் வெளியே வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபமே வரும். பத்து மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் குவியும், அதனால் கப்பல் நகருக்குள்ளேயே நின்றால் முதலில் இங்கே போய்விடுங்கள். வெளிச்சம் மங்கலாகத்தான் இருக்கும். மரத்துக்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

வாசா இருக்கும் யூர்கோர்டன் தீவுக்கு டாக்ஸி தேட வேண்டாம். பழைய நகரத்தின் தெற்கு முனையை ஒட்டிய ஸ்லுஸ்ஸனிலிருந்து படகு போகிறது, சாதாரண நகரப் போக்குவரத்து டிக்கெட்டே செல்லும். 75 நிமிடத்துக்குள் அதே டிக்கெட்டில் பஸ், மெட்ரோவும் ஏறிக்கொள்ளலாம்.

யூரோ நோட்டு மாற்றி எடுத்துப் போவது அடுத்த தவறு. ஸ்வீடனில் யூரோ கிடையாது, குரோனாதான். அந்தக் குரோனாவையும் நோட்டாக நீட்டினால் பல கடைகள் வாங்காது, பஸ்ஸில் செல்லவே செல்லாது. ஐரோப்பாவிலேயே முதன்முதலில், 1661இல், வங்கிக் காகிதப் பணம் வெளியிட்ட ஊர் இது என்பதை நினைத்தால் சிரிப்பு வரும். கழிப்பறைக்குக்கூட அட்டைதான். அட்டை இயந்திரம் “ரூபாயிலா, குரோனாவிலா?” என்று கேட்டால் குரோனாவையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் இயந்திரக்காரர் வைத்த மாற்று விகிதத்தில் காசு கூடுதலாகப் போகும்.

பழைய நகரமான காம்லா ஸ்டானில் எல்லோரும் வெஸ்டர்லோங்காடன் தெருவிலேயே நெரிபடுகிறார்கள். வழிநெடுக வைக்கிங் தொப்பியும் காந்த பொம்மையும்தான். பக்கத்திலேயே இணையாக ஓடும் பிரெஸ்ட்காடனில் நுழைந்தால் ஆள் நடமாட்டம் குறைவு. அப்படியே தெற்கு முனைப் பக்கம் வந்தால் மோர்டன் ட்ரோட்ஸிக் சந்து. குறுகலான இடத்தில் அகலம் 90 செ.மீ.தான், எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். தரை முழுக்க உருண்டைக் கல், புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

நகர மண்டபத்துக்குள் வழிகாட்டியோடுதான் விடுவார்கள், நேரம் இருந்தால் மட்டும் யோசியுங்கள். நோபல் விருந்து நடக்கும் நீல மண்டபம் நீலமாக இருக்காது, செங்கல் நிறம்தான்.

பசித்தால் கப்பலுக்கு ஓட வேண்டாம். வார நாட்களில் மதியம் ‘டாகென்ஸ் லன்ச்’ என்ற பலகையைத் தேடுங்கள். அன்றைய சாப்பாட்டோடு சாலட், ரொட்டி, பெரும்பாலும் காபியும் சேர்த்து ஒரே விலை. சைவம் வேண்டுமென்றால் கேளுங்கள், பல இடங்களில் இருக்கும். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், பாட்டிலுக்குக் காசு வீண்.

கடைசியாக ஒன்று. கப்பல் நகருக்குள் வந்து நின்றிருந்தால், கிளம்பும் நேரத்தில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிடாதீர்கள். சுமார் 30,000 தீவுகளும் பாறைத்திட்டுகளும் சிதறிக் கிடக்கும் நீர்வழியில் சில மணி நேரம் மெதுவாக ஊர்ந்துதான் கப்பல் வெளிக்கடலுக்குப் போகும். சிவப்பு மர வீடுகளும், கட்டிப் போட்ட சிறு படகுகளும், கையசைக்கும் குழந்தைகளும் பக்கத்திலேயே கடந்து போவார்கள். இரவுச் சாப்பாட்டைப் பிந்திய முறைக்கு மாற்றச் சொல்லிவிட்டு மேல்தளத்துக்குப் போங்கள். ஜூலையாக இருந்தாலும் ஜாக்கெட்டை மறக்காதீர்கள், அந்தக் காற்று சும்மா விடாது.