சுங்குடி விலை குறைய, முடிச்சைக் குறையுங்கள்

மதுரையில் கைக்கட்டுச் சுங்குடிக்கு, அதாவது துணியில் கையால் முடிச்சிட்டுச் சாயமேற்றிப் புள்ளிகள் வரவைக்கும் சேலைக்கு, ஆர்டர் கொடுக்கும்போது விலை கட்டுப்படியாகவில்லை என்றால், மட்டமான துணிக்கு இறங்காதீர்கள். புள்ளிகளைக் குறைத்துக் கேளுங்கள். சேலையின் உடல் பகுதியில் புள்ளிகளுக்கு இடைவெளி விட்டு, முந்தானையில் மட்டும் நெருக்கமாக வைத்தாலும் சேலை அழகாகவே இருக்கும்.

காரணம், இது 'உழைப்புச் செறிந்த உற்பத்தி'. இயந்திரம் முதலிய மூலதனத்தைவிட மனித உழைப்பு ஓங்கி நிற்கும் தொழிலுக்குப் பொருளியலில் இந்தப் பெயர். ஒவ்வொரு புள்ளிக்கும் துணியை நுனிவிரலால் கிள்ளி, நூலைச் சுற்றி இறுக்கி முடிச்சிட வேண்டும். சாயம் ஏறிக் காய்ந்த பிறகு அவிழ்க்க வேண்டும். முடிச்சு குறைந்தால் வேலை நாளும் குறைகிறது. கூலி விகிதத்தில் மட்டும் தயவுசெய்து கை வைக்காதீர்கள். அந்த விரல்கள்தான் இந்தத் தொழிலே.

அச்சிட்ட சுங்குடிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே பத்துப் புள்ளிக்கும் ஆயிரம் புள்ளிக்கும் உழைப்பில் பெரிய வேறுபாடு இல்லை. நூற்பாலையும் அப்படித்தான்: ஆட்கள் நிறையப் பேர் இருந்தாலும், பெரும்பணம் போடப்பட்டிருப்பது இயந்திரத்தில் என்பதால் நவீன ஆலையை 'மூலதனம் செறிந்தது' என்றே சொல்ல வேண்டும்.